குளக்கரைக் கணக்கு

பள்ளிப் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்டு 36 ஆண்டுகள் கழித்தவன் நான். என் தொழிலை அறிந்ததும் எவரும் முதலில் கேட்கும் கேள்வி, "உங்கள் மாணவர்களில் எத்தனை பேர் சாம்பியன் ஆனார்கள்?" என்பதே. கேட்பவர்மீது குறை சொல்வதற்கில்லை. பாட்டு வாத்தியாரிடம் எத்தனை சீடர்கள் மேடை ஏறினார்கள் என்று கேட்பது உலக வழக்கமன்றோ? என் விடை மிகச் சுருக்கமானது. அகில இந்தியப் பந்தயத்தில் பதக்கம் பெற்றவர் எவரும் என் பள்ளியிலிருந்து எழவில்லை. மாநிலப் பந்தயங்களில் மூன்றாம் இடம் வரை வந்தவர் சிலர் உண்டு. அவ்வளவே. ஆயினும் அந்த 36 ஆண்டுகளும் வீணாயின என்று நான் ஒருபோதும் எண்ணியதில்லை. ஏன் எண்ணவில்லை என்பதை நம் இதழின் வாசகர்களுக்கு, அதிலும் சொந்த ஊரை விட்டு வந்து அயலூரில் பிள்ளை வளர்க்கும் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

காவிரிக் கரையில் பிறந்தவர்களுக்கு நீச்சல் ஒரு தனிக் கலை என்ற நினைப்பே முன்னாளில் இருந்ததில்லை. நடையும் பேச்சும் எப்படி வந்தனவோ அப்படியே நீச்சலும் வந்தது. எங்கள் ஊர்க் குடமுருட்டியாற்றின் படித்துறையில் மாமாவோ சித்தப்பாவோ பையனின் முதுகில் உலர்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டி நீரில் தள்ளிவிடுவார். நாலு வாய்த் தண்ணீர் குடித்தபின் கையும் காலும் தாமாகவே அசையத் தொடங்கும். பத்து நாளில் குடுக்கை கழன்றுவிடும். அதற்குப் பிறகும் நீரைக் கண்டு தயங்குகிறவனைக் 'கடப்பாரை நீச்சல்காரன்' என்று மற்றப் பையன்கள் கேலி செய்வார்கள். பெண்களுக்கும் தனித் துறை இருந்தது, அவர்களும் நீந்தினார்கள். ஆசிரியர் இல்லை, சம்பளம் இல்லை, சான்றிதழும் இல்லை.

அந்த ஊர்களை விட்டு நாம் வெளியேறியபோது எவ்வளவோ பொருள்களை உடன் கொண்டு போனோம். போன இடங்களில் கோயில் எழுப்பினோம், பஜனை நடத்தினோம், பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பும் பாட்டு வகுப்பும் வைத்தோம், நல்ல காப்பிக் கொட்டை கிடைக்கும் கடையைக்கூடத் தேடிக் கண்டுபிடித்தோம். நீச்சலை மட்டும் படித்துறையிலேயே வைத்துவிட்டு வந்தோம். யாரும் கற்பிக்காமலே வந்த ஒன்று, கற்பிக்காவிட்டால் போய்விடும் என்று யாருக்குத்தான் தோன்றும்? ஆற்றில் வளர்ந்த தந்தைக்கு நீந்தத் தெரியாத மகன் பிறந்து வளர்ந்தான். அவனுடைய மகனோ தண்ணீரைக் குழாயிலும் வாளியிலும் மட்டுமே கண்டவன். கோடை விடுமுறையில் ஊருக்குப் போகும்போது அந்தப் பேரன், தாத்தா நீந்திய அதே ஆற்றில் தாத்தா பெருமையாகச் சொன்ன கதைகளின் துணையோடு மட்டும் இறங்குகிறான். இதிலுள்ள அபாயத்தை நான் விரிக்க வேண்டியதில்லை.

என் பத்தாம் வயதில், 1960-இல், என்னைக் கல்கத்தாவுக்கு அழைத்து வந்தார்கள். கொல்கத்தா என்று பெயர் மாறியது 2001-இல்தான். எனக்கு அது என்றும் கல்கத்தாவே. டல்ஹௌசி சதுக்கத்தில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் தந்தையார் கணக்கராக இருந்தார். லேக் மார்க்கெட் பக்கத்தில் இரண்டறைக் குடித்தனம். அடுத்தடுத்த வீடுகளில் தமிழ்க் குடும்பங்கள். ஊரை நினைத்து நான் ஏங்கிய அந்த நாள்களில் எனக்கு ஆறுதலாக அமைந்தது அந்நகரின் நீர்நிலைகளே. கல்கத்தாவைக் குளங்களின் நகரம் என்றாலும் தகும். வடக்கே ஹேதுவா, நடுவே காலேஜ் ஸ்கொயர், தெற்கே எங்கள் வீட்டருகில் தாக்குரியா ஏரி. இவற்றில் அதிகாலையில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் நீந்துவதைக் காணலாம். பச்சை நிறத் தண்ணீர், மரப்பலகை மேடை, குறுக்கே கட்டிய கயிறுகள், கரையில் சங்கத்தின் சிறு கொட்டகை. நம் ஊர்த் தெப்பக்குளத்திலே மைய மண்டபத்தை எடுத்துவிட்டுப் பந்தயம் வைத்தாற்போல் இருக்கும்.

வங்காளிகள் நீச்சலைப் போற்றியவர்கள். 1951-இல் டில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் 100 மீட்டர் பந்தயத்தை 1 நிமிடம் 4.7 விநாடியில் நீந்தித் தங்கப் பதக்கம் பெற்ற சச்சின் நாக் கல்கத்தாவில் பயின்றவர். 1958-இல் மிஹிர் சென் ஆங்கிலக் கால்வாயைக் கடந்த முதல் இந்தியரானார். பன்னிரண்டு வயதுகூட நிறையாமல் 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் நீந்திய ஆரதி சாஹா, 1959 செப்டம்பர் 29-ஆம் நாள் அதே கால்வாயை 16 மணி 20 நிமிடத்தில் கடந்து, அதனைச் சாதித்த முதல் ஆசியப் பெண்மணி ஆனார். அதற்கு முந்தைய மாதம் அவர் செய்த முயற்சி தோல்வியுற்றது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அந்தச் சாதனை பழைய செய்தியாகாத காலத்திலே நான் அந்நகருக்கு வந்தேன். தெருப் பையன்கள் வாயில் கிரிக்கெட்டைப் போலவே கால்வாயும் அடிபட்டுக் கொண்டிருந்தது.

கல்லூரியில் 1968 முதல் 1971 வரை மல்லாந்த நீச்சலில் கல்லூரிக்காகப் போட்டியிட்டேன். கல்லூரிகளுக்கிடையேயான பந்தயங்களில் இரண்டு முறை இரண்டாமவனாக வந்தேன். அதற்கு மேல் என் உயரமும் வேகமும் இடங்கொடுக்கவில்லை. ஆனால் அங்கே எனக்கு ஒரு நல்ல குரு கிடைத்தார். வயதான வங்காளி, 'மாஸ்டர்மொஷாய்' என்றுதான் அனைவரும் அழைப்போம். பந்தயம் நடக்கும்போது கரையிலுள்ள எல்லாருடைய கண்ணும் முதலில் வருபவன்மேல் இருக்கும். அவர் பார்வை மட்டும் கடைசியில் வருபவன்மேல் இருக்கும். உதடுகள் ஓயாமல் அசையும். ஜபம் செய்கிறார் என்றே முதலில் எண்ணியிருந்தேன். பிறகுதான் தெரிந்தது, அவர் தலைகளை எண்ணிக்கொண்டிருக்கிறார் என்று. "எத்தனை பேர் இறங்கினார்களோ அத்தனை பேரும் ஏற வேண்டும். நம் உத்தியோகம் இதுதான். மற்றதெல்லாம் அதற்கு மேலே கிடைக்கும் சில்லறை வருமானம்" என்பார். 1974-இல் நான் ஒரு பள்ளியில் தேகப்பயிற்சி ஆசிரியராக அமர்ந்தபோது அவரிடமிருந்து எடுத்துச் சென்ற சொத்து இந்த எண்ணிக்கையே.

பள்ளிக்குச் சொந்தக் குளம் இல்லை. ஒரு நீச்சல் சங்கத்தாரிடம் பேசி, காலை ஐந்தே முக்கால் முதல் ஏழு மணி வரை இடம் பெற்றோம். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை நீச்சல். குளிர் மாதங்களில் மைதானத்தில் தோளுக்கும் இடுப்புக்கும் பயிற்சி. தமிழ், தெலுங்கு, மலையாளம், வங்காளம் என்று பல மொழிப் பிள்ளைகளும் கலந்து படித்த பள்ளி அது.

நன்றாக நீந்துவது வேறு; நீந்தக் கற்பிப்பது வேறு. தேர்ந்த நீச்சற்காரன் தன்னையறியாமல் ஒரே மூச்சில் செய்யும் காரியத்தை ஆசிரியன் பத்துத் துண்டாக வெட்டிக் கொடுக்க வேண்டும். ஆற்றில் கற்றவனுக்கு எது முதல் துண்டு என்பதே தெரியாது. கைவீச்சே முதல் துண்டு என்று பலரும் கருதுவர். உண்மையில் முதல் துண்டு மூச்சு.

நீரில் இறங்கும் குழந்தை அச்சத்தால் மூச்சைப் பிடித்துக்கொள்கிறது. பிடித்த மூச்சை நீருக்கு வெளியே வந்து விட்டு, உடனே புதிய மூச்சையும் வாங்கப் பார்க்கிறது. இரண்டிற்கும் நேரம் போதாமல் தண்ணீரைக் குடிக்கிறது. ஆகவே முதல் வாரம் முழுவதும் நான் கையும் காலும் அசைக்க விடுவதில்லை. மார்பளவு நீரில் படியைப் பிடித்து நின்று, முகத்தை நீருக்குள் வைத்து, வாயாலும் மூக்காலும் குமிழி விட வேண்டும். தலையைத் தூக்கி மூச்சு வாங்க வேண்டும். இப்படி நூறு முறை. உள்ளே விடுவது, வெளியே வாங்குவது என்ற இவ்வொழுங்கு படிந்துவிட்டால் பாதி அச்சம் கரைந்துபோகும்.

இரண்டாவது துண்டு மிதத்தல். மனித உடலும் தண்ணீரும் ஏறக்குறைய ஒரே எடை விகிதம் உடையவை. நுரையீரலில் காற்று நிறைந்திருந்தால் பெரும்பாலோர் மிதப்பர். கால்கள் மட்டும் கனத்துத் தாழும். தலையை உயர்த்தினால் இடுப்பு இறங்கும். தலையைத் தாழ்த்தினால் இடுப்பு எழும். இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. மல்லாந்து படுக்கவைத்துப் பிடரியின் கீழ் இரண்டு விரலை மட்டும் வைத்து, பிள்ளை அறியாமலே அந்த விரல்களையும் எடுத்துவிட வேண்டும். தானே மிதக்கிறோம் என்று பிள்ளை உணரும் அந்தக் கணத்தில் அதன் முகம் மாறுவதைப் பார்ப்பதற்காகவே இன்னும் ஒரு 36 ஆண்டுகள் குளக்கரையில் நிற்கலாம்.

அதற்குப் பின்னரே கால், அதன் பின் கை. நான்கு வகை நீச்சலையும் ஒழுங்காகக் கற்பிக்க மூன்று கோடைகள் செல்லும். வண்ணத்துப்பூச்சி நீச்சல் என்பது தவளை நீச்சலிலிருந்து 1952-இல்தான் பிரிக்கப்பட்டு, 1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் தனிப் பந்தயமாயிற்று. நான் கல்லூரியில் சேர்ந்தபோது அதை முறையாகக் கற்றுத்தரத் தெரிந்தவர் எங்கள் குளத்தில் ஒருவரே. பின்னாளில் அமெரிக்கப் பயிற்சியாளர் ஜேம்ஸ் கவுன்ஸில்மன் 1968-இல் வெளியிட்ட நீச்சல் விஞ்ஞான நூலின் ஒரு பிரதி என் கைக்கு வந்தது. ஓராண்டு முழுவதும் இரவல் வாங்கி, படங்களை நோட்டுப் புத்தகத்தில் வரைந்து வைத்துக்கொண்டேன். அந்த நூலாசிரியர் தம் 58-ஆம் வயதில், 1979-இல், தாமே ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார் என்று படித்தபோது, கற்பிப்பவன் கரையில் மட்டும் நிற்கலாகாது என்று உணர்ந்து, நானும் தினம் ஆயிரம் மீட்டர் நீந்தத் தொடங்கினேன்.

ஆற்று நீச்சலை நான் இகழ்ந்ததில்லை. நம் ஊரில் தலையை நீருக்கு மேலே தூக்கியபடி நீந்துவார்கள். பந்தயத்திற்கு அது ஆகாது, வேகம் குறையும். ஆனால் மிதந்து வரும் மரக்கட்டையையும் சுழலையும் பார்த்துக்கொண்டே போக வேண்டிய ஆற்றில் அதுவே அறிவுடைமை. ஆகையால் என் பிள்ளைகளுக்கு இரண்டையும் கற்பித்தேன். குளத்தில் தலை தாழ்த்தி நீந்தக் கற்றவன், ஆற்றில் தலை தூக்கி நீந்தவும் அறிந்திருக்க வேண்டும்.

பந்தயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடிகாரத்தின் நீதி எவ்வளவு நுட்பமானது என்பதைப் பிள்ளைகளுக்கு விளக்க நான் ஓர் உண்மைக் கதையைச் சொல்வேன். 1960-இல் ரோமாபுரி ஒலிம்பிக்கில் 100 மீட்டர் பந்தயம். அமெரிக்கரான லான்ஸ் லார்ஸனுக்கு மூன்று கடிகாரங்கள் 55.0, 55.1, 55.1 என்று காட்டின. ஆஸ்திரேலியரான ஜான் டெவிட்டுக்கு மூன்றும் 55.2 என்றே காட்டின. ஆனால் நடுவர்கள் டெவிட்டே முதலில் சுவரைத் தொட்டார் என்று தீர்ப்பளித்துத் தங்கத்தை அவருக்கே கொடுத்தார்கள். கண்ணை நம்புவதா, கடிகாரத்தை நம்புவதா என்ற வழக்கு அன்று முதல் வலுத்தது. 1968-இல் மெக்ஸிகோ ஒலிம்பிக்கில் நீச்சற்காரன் தொட்டதும் தானே நேரத்தைப் பதியும் பலகைகள் சுவரில் வந்துவிட்டன. எங்கள் பள்ளிப் பந்தயங்களிலோ நெடுங்காலம் மூன்று ஆசிரியர்களும் மூன்று கைக் கடிகாரங்களுமே. இரண்டு ஒத்தால் அதுவே நேரம். மூன்றும் வேறுபட்டால் நடுவிலுள்ளது நேரம். "உன் முயற்சி உன் கையில், மற்றவன் விரல் எப்போது பித்தானை அழுத்தும் என்பது உன் கையில் இல்லை" என்று சொல்லி முடிப்பேன். தோற்றுவிட்டு வரும் பையனுக்கு இந்தக் கதை ஆறுதலாக இருந்ததை நான் கண்டிருக்கிறேன்.

நீச்சல் கண்ணாடி ஒலிம்பிக்கில் அனுமதிக்கப்பட்டது 1976-இல்தான். அது எங்கள் குளத்துக்கு வந்து சேர இன்னும் பல ஆண்டுகள் ஆயின. அதுவரை ஒரு மணி நேரத்திற்குமேல் நீந்தினால் பிள்ளைகளின் கண்கள் செங்காயாகச் சிவந்துவிடும். அப்படிச் சிவந்த கண்களோடு வகுப்புக்குப் போய்க் கணக்குப் போட்ட பிள்ளைகள் அவர்கள்.

அவர்களில் இருவரைப் பற்றி மட்டும் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

ஒருத்தி தமிழ்க் குடும்பத்துச் சிறுமி. 1983-இல் எட்டாம் வகுப்பு, வயது பதின்மூன்று. தவளை நீச்சலில் அவளுக்கு இயல்பாகவே ஒரு லயம் இருந்தது. கை இழுப்பும் கால் உதையும் ஒன்றையொன்று இடிக்காமல், ஒன்று ஓய்ந்தபின் மற்றொன்று வரும். அந்த லயத்தைக் கற்பிக்கவே மற்றவர்களுக்கு ஓராண்டு செல்லும். ஒரு திங்கட்கிழமை அவள் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. மாலையில் அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

தந்தையார் மரியாதையாக நாற்காலி போட்டார். காப்பி வந்தது. "வாத்தியார் சார், நீங்கள் தப்பாக நினைக்கக்கூடாது. பெண் பெரியவளாகி விட்டாள். நாலு பேர் பார்க்கும் இடத்தில் நீச்சல் உடையோடு நிற்பது நமக்குச் சரிப்படாது. நாளைக்கு வரன் பார்க்கும்போது ஊரில் என்ன பேசுவார்கள்?" என்றார்.

நான் பதில் சொல்லுமுன் உள்ளறையிலிருந்து அவருடைய தாயார் வந்தார். எழுபது வயதிருக்கும்; சுவரைப் பிடித்தபடி நின்றார். "ஏண்டா, நான் இந்த வயசுக்கு வருகிறவரைக்கும் தினம் ஆற்றில் நீந்தினவள்தானே? வெள்ளத்தில் இக்கரையிலிருந்து அக்கரை போய்ப் பூப்பறித்துக்கொண்டு வருவேன். ஊர் என்னைப்பற்றி என்னடா பேசியது? உன் அப்பாவுக்கு என்னைப் பெண் பார்த்ததே படித்துறையில்தான்" என்றார்.

அறையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு தந்தையார், "அது ஆறு, அம்மா. இது கல்கத்தா" என்றார்.

"தண்ணீருக்கு ஊர் ஏதடா?" என்றார் பாட்டி. "நான் போய்க் கரையில் உட்கார்ந்துகொள்கிறேன். என் கண்ணெதிரே நீந்தட்டும்."

மறுவாரம் முதல், பெண்களுக்கென்று தனி நேரமாக ஆறரை மணியை ஒதுக்கினேன். பாட்டி ஒரு ரிக்ஷாவில் வந்து கொட்டகையின் பெஞ்சியில் உட்காருவார். அவர் உட்கார்ந்திருப்பதைக் கண்டு வேறு வீட்டுத் தாய்மாரும் துணிந்தார்கள். நாலு பெண்கள் சேர்ந்தார்கள். 1986-இல் அந்தத் தனி வகுப்பில் பதினொரு பெண்கள் இருந்தார்கள். என் வாய்ச் சொல்லால் அந்த வகுப்பு உண்டாகவில்லை. அந்த மூதாட்டியின் இருப்பால் உண்டாயிற்று.

அந்த ஆண்டு மாநிலப் பள்ளிப் பந்தயத்தில் அச்சிறுமி 100 மீட்டரில் நான்காவதாக வந்தாள். மூன்றாமவளுக்கும் அவளுக்கும் இடையே விநாடியில் பத்தில் இரண்டு பங்கே வித்தியாசம். பதக்கம் இல்லை. பள்ளிப் படிப்போடு பந்தயமும் முடிந்தது. அதற்குமேல் அவளைப் போட்டியிட வைக்க என்னாலும் இயலவில்லை, பாட்டியாலும் இயலவில்லை. மணமாகி நாகபுரிக்குப் போனாள். பல ஆண்டுகளுக்குப் பின் ஒரு கடிதம் வந்தது. அவர்கள் இருக்கும் ரயில்வே காலனியில் ஞாயிறுதோறும் குழந்தைகளுக்கு நீச்சல் கற்பிப்பதாகவும், தாய்மார் சிலரும் சேர்ந்திருப்பதாகவும் எழுதியிருந்தாள். கடைசி வரி மட்டும் அப்படியே நினைவிருக்கிறது: "சார், நானும் தலைகளை எண்ணிக்கொண்டுதான் நிற்கிறேன்."

மற்றவன் ஒரு பையன். அவனைப் போல் மெதுவாகக் கற்ற மாணவன் எனக்கு வேறொருவன் இல்லை. 50 மீட்டரை நிற்காமல் கடக்க அவனுக்கு மூன்று கோடைகள் ஆயின. மற்றப் பிள்ளைகள் நாலு முறை போய் வருவதற்குள் இவன் ஒரு முறை போய்ச் சேருவான். எந்தப் பந்தயத்திலும் அவன் பெயர் கொடுக்கப்படவில்லை. ஆனால் ஒரு நாளும் வராமல் இருந்ததில்லை. சொன்னதை அப்படியே மனத்தில் வாங்கிக்கொள்வான்.

நீச்சலோடு நான் எல்லாப் பிள்ளைகளுக்கும் தவறாமல் கற்பித்த பாடம் ஒன்றுண்டு. முழுகுகிறவனைக் கண்டால் குதிக்காதே. முதலில் கூவு, ஆள் சேர். கம்போ துணியோ இருந்தால் நீட்டு. எட்டாவிட்டால் கயிற்றையோ மிதக்கும் பொருளையோ எறி. படகிருந்தால் படகில் போ. முழுகுகிறவன் எதைக் கண்டாலும் இறுகப் பற்றுவான். உன் கழுத்தைப் பற்றினால் இருவரும் போவீர்கள். இதை வாயால் சொல்லி விட்டுவிடாமல், மாதம் ஒரு முறை ஒருவனை முழுகுபவனாக நடிக்கச் செய்து மற்றவர்கள் வேட்டியை வீசி இழுக்குமாறு பழக்குவேன். பெரிய பையன்களுக்கு இது வேடிக்கை. அந்த மெதுவான பையன் மட்டும் இதைப் பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்தான்.

1991-ஆம் ஆண்டு மகாளய அமாவாசையன்று அவன் தந்தையார் தர்ப்பணம் செய்ய ஹூக்ளியாற்றின் துறைக்குப் போனார். பையனும், திருச்சியிலிருந்து வந்திருந்த அவனுடைய பெரியப்பா மகனும் உடன் போனார்கள். அன்று கல்கத்தாவின் துறைகளில் எள் போட இடமிராது. அமாவாசை, பௌர்ணமி ஏற்றங்களில் கடல்நீர் ஒரு சுவர்போல் எழுந்து ஆற்றை எதிர்த்து ஓடிவரும். 'பான்' என்று வங்காளத்தில் சொல்வார்கள். அது வரும் நேரத்தைப் போலீசார் கூவி அறிவிப்பார்கள். மொழி தெரியாத விருந்தாளிப் பையன் படியிலேயே நின்றான். நீர் ஏறியது, வண்டல் படிந்த படி வழுக்கியது, அவன் விழுந்தான். அவனுக்கு நீந்தத் தெரியாது.

என் மாணவன் குதிக்கவில்லை. உலர்ந்த படியில் குப்புறப் படுத்து, தன் கால்களைத் தந்தையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, அருகிலிருந்தவரின் எட்டு முழ வேட்டியை வாங்கி ஒரு முனையை வீசினான். முதல் வீச்சு எட்டவில்லை. நனைந்து கனத்த துணியைச் சுருட்டி மறுபடி வீசினான். அது எட்டியது. நாலு பேர் சேர்ந்து இழுத்தார்கள்.

அன்று மாலை அவன் தந்தையார் என் வீட்டுக்கு வந்தார். "வாத்தியார் சார், துறையில் ஒருவர் இவனை, 'நீச்சல் தெரிந்தும் குதிக்காமல் படுத்துக் கிடக்கிறானே' என்று திட்டினார். எனக்கும் ஒரு கணம் கோபம் வந்தது. வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் கை நடுங்கத் தொடங்கியது. குதித்திருந்தால் இரண்டு பேரையும் அல்லவா தேடிக்கொண்டிருப்பேன்?" என்றார். பையன் வாசலில் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

என் பள்ளியின் கோப்பை அலமாரியில் இந்நிகழ்ச்சிக்கு இடமில்லை. ஆயினும் எத்தனை சாம்பியன்கள் என்று யாரேனும் கேட்கும்போதெல்லாம் என் மனம் அந்தத் துறைக்குத்தான் போகிறது.

பதக்கத்தை நான் இழிவாகச் சொல்வதாக எவரும் கருதலாகாது. முதலில் வருகிறவனைப் பார்த்துத்தான் மற்றப் பிள்ளைகள் நீரில் இறங்க ஆசைப்படுகிறார்கள். 1966-இல் ஒரே ஆண்டில் மிஹிர் சென் ஐந்து நீரிணைகளையும் கால்வாய்களையும் நீந்தினார்; அவற்றுள் முதலாவது நம் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையிலுள்ள பாக் நீரிணையே. அந்தச் சாதனையை 1994-இல் முறியடித்து ஓராண்டில் ஆறைக் கடந்தவன் குற்றாலீஸ்வரன் என்ற தமிழ்ச் சிறுவன். அச்செய்தி வந்த வாரத்தில் எங்கள் குளத்தில் தமிழ்ப் பிள்ளைகளின் எண்ணிக்கை இரட்டித்தது. வீரர்களால் விளையும் நன்மை இதுவே. ஆனால் வந்த பிள்ளைகளில் ஆயிரத்தில் ஒருவனே வீரனாவான். மற்ற தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பேருக்கும் நாம் என்ன கொடுத்து அனுப்புகிறோம் என்பதுதான் பள்ளி ஆசிரியனுக்குரிய கேள்வி.

2010-இல் ஓய்வு பெற்றேன். இன்று பல நகரங்களில் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலேயே நீலத் தண்ணீர்க் குளங்கள் இருக்கின்றன. ஆனால் பிள்ளைகளுக்கு நேரமில்லை. காலையில் ஒரு தனி வகுப்பு, மாலையில் ஒரு தனி வகுப்பு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் சுமார் மூன்று லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு அடிப்படை நீச்சலையும் அபாயமில்லாமல் பிறரைக் காக்கும் முறையையும் கற்பிக்க வேண்டும் என்று அந்நிறுவனமே பரிந்துரைக்கிறது. அதே ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபை, ஜூலை 25-ஆம் நாளை நீரில் மூழ்குவதைத் தடுக்கும் நாளாக அறிவித்தது.

ஆகவே நம் சங்கங்களை நடத்தும் அன்பர்களுக்கும் பெற்றோருக்கும் அனுபவத்தில் கண்ட சிலவற்றைச் சொல்லிவைக்கிறேன். பிள்ளையைச் சேர்க்குமுன் ஒரு நாள் போய்க் கரையில் நின்று பாருங்கள். ஆசிரியர் பிள்ளைகளைப் பார்க்கிறாரா, வேறெங்கோ பார்க்கிறாரா என்று கவனியுங்கள். ஆழம் எவ்வளவு என்று சுவரில் எழுதியிருக்கிறதா, கம்பும் மிதவையும் கயிறும் கைக்கெட்டும் இடத்தில் உள்ளனவா என்று பாருங்கள். முதல் வாரத்திலேயே கைவீச்சைக் கற்பிக்கும்படி அவசரப்படுத்தாதீர்கள். மூச்சும் மிதத்தலும் முதலில் வரட்டும். உங்கள் பிள்ளை மெதுவாகக் கற்றால் வெட்கப்படாதீர்கள். பெண் குழந்தைகளை நிறுத்திவிடாதீர்கள். உடை தடையென்றால் முழங்கால் வரை மறைக்கும் நீச்சல் உடைகள் இப்போது எங்கும் கிடைக்கின்றன. தனி நேரம் வேண்டுமென்றால் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து கேளுங்கள், கிடைக்கும். வீட்டில் பாட்டி இருந்தால் அவரையும் கரைக்கு அழைத்துப் போங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, குழாய்த் தண்ணீரில் வளர்ந்த பிள்ளையை விடுமுறையில் ஊருக்கு அழைத்துப் போகும்போது, "நம் ஆறுதானே" என்று எண்ணி அனுப்பிவிடாதீர்கள். மணல் எடுத்த பள்ளங்களால் அந்த ஆற்றின் அடியும் மாறியிருக்கிறது. தாத்தா சொன்ன ஆறு இன்று அங்கே இல்லை. பெரியவர் ஒருவர் கரையில் நின்று பார்க்கட்டும். கைபேசியைப் பையில் வைத்துவிட்டுப் பார்க்கட்டும். இறங்கும்போது ஒரு முறை எண்ணுங்கள்; ஏறும்போது ஒரு முறை எண்ணுங்கள். இரண்டு கணக்கும் ஒத்திருந்தால் அன்றைய பொழுது நல்ல பொழுது.